களிம்பில் மறைந்திருந்த இரட்டையர்

ஈயம் தேய்ந்த பித்தளைப் பாத்திரத்தில் மோரையோ புளிக்கரைசலையோ இரவு முழுதும் வைத்துவிட்டால் பச்சை பூத்துவிடும் என்பதை நாம் அறிவோம். அதைக் களிம்பு என்று நம் முன்னோர் அஞ்சி விலக்கினர். நஞ்சாதலின் விலக்கியது முறையே. ஆனால் பிரான்சு நாட்டு மோன்பெல்லியே நகரில், புளித்த திராட்சைச் சக்கைக்கு நடுவே செப்புத் தகடுகளை அடுக்கி, அத்தகைய பச்சையை வண்ணப்பொருளாகப் பெண்கள் பல தலைமுறைகள் விளைவித்து வந்தனர்.

காடியில் உள்ள அசெட்டிக் அமிலமும் செம்பும் சேர்ந்து உண்டாகும் நீலப்பச்சைப் படிகமே காப்பர் அசெட்டேட் ஆகும். செப்பு உப்புகள் பலவும் காந்தத்தால் சிறிதளவு ஈர்க்கப்படும். குளிரக் குளிர அவ்வீர்ப்பு மிகும். இவ்வுப்போ அவ்விதிக்கு அடங்கவில்லை. குளிர்விக்கக் குளிர்விக்க இதன் ஈர்ப்பு குன்றுவதை 1951-இல் பி. சி. குஹா வெளியிட்ட அளவுகள் காட்டின.

அளவில் பிழை என்று அதனை எவரும் ஒதுக்கிவிடவில்லை. 1952-இல் ஆக்ஸ்போர்டில் பிளீனி, பவர்ஸ் என்னும் இருவர் இதற்கு விடை கூறினர்: செப்பணுக்கள் இரண்டிரண்டாக இணைந்திருத்தல் வேண்டும், குளிரில் ஒன்றன் காந்தத்தை மற்றொன்று அவித்துவிடுகிறது. இணையை அதுவரை கண்டவர் இலர். மறு ஆண்டே தென்னாப்பிரிக்காவில் வான் நீகெர்க், ஷூனிங் ஆகியோர் எக்ஸ் கதிர்களால் படிகத்தை ஆராய்ந்தனர். இரு செப்பணுக்களை நான்கு அசெட்டேட் தொகுதிகள் பாலமாய்ப் பிணைத்திருந்தன. இரு முனைகளிலும் ஒவ்வொரு நீர் மூலக்கூறு இருந்தது. செப்பணுக்களின் இடைவெளி 2.64 ஆங்ஸ்ட்ராம். தூய செம்பிலேயே அது 2.56 தான். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது சென்டிமீட்டரில் பத்துக் கோடியில் ஒரு பங்கு.

காந்தத்தை அளந்து படிகத்தின் உள்ளமைப்பை உசாவும் இவ்வழிக்கு நம் நாட்டில் முன்பே அடியிட்டவர் ஒருவர் உண்டு. வத்திராயிருப்பில் 1898-இல் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1930-களில் கல்கத்தாவில் மயில்துத்தப் படிகத்தை இவ்வாறு ஆராய்ந்தார். 1947-இல் டில்லியில் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் தலைமையை ஏற்றார், 1961-இல் மறைந்தார். பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்த நமக்கு அவர் பெயர் ஓர் ஊக்கம்.

களிம்பை உண்டாக்குவதும் புளிப்பு. பாத்திரத்தைத் துலக்குவதும் புளிப்பு. அடுத்த முறை பித்தளையைப் புளியிட்டுத் துலக்கும்போது, விதிக்கு அடங்காத ஓர் அளவை மதித்தவர்களே அப்பச்சையின் உள்ளே கண்டனர் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.