மாங்குடி மருதனார்: ஓர் அவைக்களப் புலவரின் வரலாறு உருவான வகை

தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன், தன்னை இளையவன் என்று எள்ளிப் பகைத்த வேந்தர்களை நோக்கிக் கூறிய வஞ்சினம் புறநானூற்றின் 72ஆம் பாட்டாக அமைந்துள்ளது. வஞ்சினம் என்பது, இன்னது செய்யேனாயின் இன்ன இழிவு என்னை வந்தடைக என்று வீரன் தன்மேல் இட்டுக்கொள்ளும் சூளுரை. பகைவரை வெல்லாவிட்டால் குடிகள் தன்னைக் கொடியவன் எனத் தூற்றட்டும், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் தன் நாட்டைப் பாடாது ஒழியட்டும், இரப்போர்க்கு ஈய முடியாத வறுமை தனக்கு நேரட்டும் என்று அவன் மூன்று இழிவுகளை அடுக்குகிறான். ஒரு புலவரின் தலைமையை அவரால் பாடப்பெற்ற அரசனே பாட்டுக்குள் பெயர் சுட்டிக் கூறுவது சங்க இலக்கியத்தில் அரிது. மாங்குடி மருதனாரை மதுரையின் தொன்மையான அவைக்களப் புலவர் என்று வரலாற்றுக் குறிப்புகள் அழைப்பதற்குரிய முதற்சான்று இதுவே.

அவைக்களப் புலவர் என்ற வழக்கு, அரசவையில் தலைமை பெற்று மன்னனைப் பாடுபவரைக் குறிப்பது. ஆயினும் 1668இல் இங்கிலாந்தில் ஜான் டிரைடன் பெற்றதும், 1949இல் சென்னை மாகாணத்தில் நாமக்கல் இராமலிங்கம் பிள்ளை பெற்றதும் போன்ற அரசாணைப் பதவி ஒன்று நெடுஞ்செழியன் காலத்தில் இருந்ததாகக் கொள்ள இடமில்லை. மருதனாருடையதாகக் கருதப்படும் புறநானூற்று 396ஆம் பாட்டு வாட்டாற்று எழினியாதன் என்னும் வேறொரு தலைவனைப் போற்றுகிறது. ஒரே அவையோடு கட்டுண்ட புலவராக அவரைச் சித்திரிக்கும் கலைக்களஞ்சியக் குறிப்பு இந்த ஒரு பாட்டினாலேயே திருத்தம் பெற வேண்டியதாகிறது.

இத்தகைய திருத்தங்களுக்கு இடம் நேர்ந்தது, நூல்கள் அச்சேறிய முறையினால்தான். யாழ்ப்பாணத்துச் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ 1886இல் வெளிவந்தபோது பத்துப்பாட்டும் புறநானூறும் ஏட்டுச்சுவடிகளிலேயே கிடந்தன. உ. வே. சாமிநாதையர் முன்னதை 1889இலும் பின்னதை 1894இலும் பதிப்பித்த பிறகே, செவிவழிக் கதைகளை விட்டுப் பாட்டுகளிலிருந்தே புலவர் வரலாற்றைத் திரட்டும் வழி பிறந்தது. 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நிறுவிய தமிழ்ச் சங்கம் 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’யை வெளியிட்டது. புராண மாந்தர், அரசர், புலவர், ஊர், செடிகொடி அனைத்தையும் அகரவரிசையில் அடக்கிய அந்தப் பெருநூல் ஒரு தனி மனிதரின் உழைப்பு என்பதை எண்ணும்போது, அதன் குறைகளைச் சுட்டுபவருக்கும் சற்றுத் தயக்கம் உண்டாகும். ஆனால் மருதனாரின் பாட்டுகளைக் கொண்ட நற்றிணையும் குறுந்தொகையும் 1915இல்தான் அச்சாயின. அகநானூறு அதற்கும் பின்னரே வந்தது. ஆகவே 1910இல் எழுதப்பட்ட எந்தக் குறிப்பும் அவருடைய அகப்பாட்டுகளை அச்சு நூல்களில் ஒப்பிட்டுப் பார்த்து எழுதப்பட்டிருக்க இயலாது.

ஒப்பிடத் தொடங்கியதும் எழும் முதற்சிக்கல் பெயரைப் பற்றியது. குறுந்தொகை 164 மாங்குடி மருதன் பெயரிலும், புறநானூற்றின் 26, 372ஆம் பாட்டுகள் மாங்குடி கிழார் பெயரிலும், அகநானூறு 89 மதுரைக் காஞ்சிப் புலவர் பெயரிலும் வழங்குகின்றன. கிழார் என்பது ஓர் ஊரில் நிலவுரிமை உடையவரைக் குறிக்கும் சிறப்புப் பெயர். மூவரும் ஒருவரே என்பது பெரும்பாலோர் கொள்கை. மாங்குடி கிழாரும் நெடுஞ்செழியனையே பாடுவது அதற்கு வலுவூட்டுகிறது. எனினும் இப்பெயர்கள் பாட்டின் அடியில் தொகுத்தோரால் சேர்க்கப்பட்ட உரைநடைக் குறிப்புகளில் உள்ளவை. பாட்டுக்குள்ளேயே அரசன் சொன்ன பெயரோடு இவற்றை ஒரே நிறையில் வைக்கலாகாது. புலவரின் சமயத்தைத் துணிவதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மாங்குடி கிழார் பெயரிலுள்ள 26ஆம் பாட்டு அந்தணர் சூழ அரசன் வேள்வி செய்ததைப் புகழ, 335ஆம் பாட்டோ போரில் பட்ட வீரனின் நடுகல்லையன்றி நெல் தூவி வழிபடும் தெய்வம் வேறில்லை என்கிறது. இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு புலவருக்கு ஒரு சமயத்தை ஒட்டிவிடுவது எளிது, எழுதியும் இருக்கிறார்கள்.

அவர் பெயரை நிலைநிறுத்தியது பத்துப்பாட்டில் மிக நீண்டதான, 782 அடிகள் கொண்ட மதுரைக்காஞ்சி. காஞ்சி என்பது உலகின் நிலையாமையை உணர்த்தும் புறத்திணை. வென்று நிற்கும் அரசனிடம், அவனைப் போல் ஆண்டு மாய்ந்தவர் கடல்மணலினும் பலர் என்று சொல்லும் துணிவு இப்பாட்டில் உண்டு. ஆனால் அந்த அறிவுரையைவிட நூலில் மிகுதியான இடம் பெறுவது மதுரை நகரமே. சங்கை அறுத்து வளையல் கடைபவர், மணிகளுக்குத் துளையிடுபவர், பொன்னை உரைத்து மாற்றுப் பார்ப்பவர், புடைவை விற்பவர், செம்பை நிறுத்து வாங்குபவர் எல்லோரும் கால் நெருங்க நிற்கும் தெருவைப் புலவர் காட்டுகிறார். பகற்கடையாகிய நாளங்காடி ஓய்ந்து அல்லங்காடி எழுவதையும், நள்ளிரவில் கள்வர் ஒளிந்து திரிய ஊர்காவலர் அவர்களைத் தேடுவதையும் யாமம் யாமமாகப் பிரித்துச் சொல்கிறார். அவரது பிறப்பையும் பெற்றோரையும் ஊகிப்பதில் பக்கங்களைச் செலவிடும் வரலாற்றாசிரியர்கள், தொழில்தெருவை இவ்வளவு அணுகிப் பார்த்தவர் நகரில் நெடுநாள் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற, இதைவிடச் சான்றுள்ள செய்தியை ஒரு வரியில் கடந்துவிடுவது வியப்பே.

காலத்தை வரையறுக்கக் கல்வெட்டை நாடுவோர் மேலூரை அடுத்த மாங்குளத்துத் தமிழ்ப் பிராமி எழுத்துகளைக் காட்டுவதுண்டு. அங்குள்ள நெடுஞ்செழியன் பெயரை 1965இல் ஐராவதம் மகாதேவன் படித்தறிந்தார்; அவர் அதைக் கிறித்துவுக்கு முற்பட்ட இரண்டாம் நூற்றாண்டினதாகக் கணித்தார். ஆயினும் ஆரியப்படை கடந்தவன், தலையாலங்கானத்தில் வென்றவன் என நெடுஞ்செழியர் ஒருவர்க்கு மேற்பட்டவர் இருந்தமையால், கல்லில் உள்ளவனே மருதனாரின் புரவலன் எனத் துணிய இயலாது. தேனிப் பகுதியில் கிடைத்த சின்னமனூர்ப் பெரிய செப்பேடு தலையாலங்கான வெற்றியையும், மகாபாரதம் தமிழ்ப்படுத்தப்பட்டதையும், மதுரையில் சங்கம் வைத்ததையும் பாண்டிய முன்னோரின் செயல்களாக அடுத்தடுத்துக் கூறுகிறது. அது பத்தாம் நூற்றாண்டினர் தம் முன்னோரை நினைவில் கொண்ட முறைக்குச் சான்றாகுமேயன்றி, புலவரின் காலத்துக்கு நேர்ச்சான்று ஆகாது.

அதனினும் தள்ளி நிறுத்தத்தக்கது திருவள்ளுவமாலை. அதில் ஒரு வெண்பா மாங்குடி மருதனார் பெயரில் உள்ளது; அதைக்கொண்டு அவர் குறள் அரங்கேற்றத்தில் இருந்தார் என்று எழுதுவது, பிற்காலத் தொகுப்பொன்றின் புனைவை வாழ்க்கைச் செய்தியாக்குவதாகும். ஊரைப் பொறுத்தவரை, இன்றைய தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில் வட்டாரத்திலுள்ள மாங்குடியே அவருடையது என்பது பரவலான கருத்து. 2001-02இல் மாநிலத் தொல்லியல் துறை அங்கு நடத்திய அகழாய்வில் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடு கிடைத்ததால், அது எழுத்தறிவு பரவியிருந்த பழைய குடியிருப்பு என்பது உறுதியாகியுள்ளது. புலவரை அவ்வூரோடு இணைப்பது இன்றளவும் பெயரொற்றுமை ஒன்றே.