மீனின் உணவறியும் வேதிப் பகுப்பாய்வு

மீனின் தசையிலும் கொழுப்பிலும் தங்கியுள்ள வேதித் தடயங்களைக் கொண்டு, அது எதைத் தின்று வளர்ந்தது என்று கண்டறியும் முறை. குடலைக் கீறிப் பார்ப்பது பழைய வழி. ஆனால் கெண்டை இனங்களுக்கு இரைப்பை கிடையாது. தொண்டைப் பற்கள் இரையை அரைத்துவிடுவதால் குடலில் பெரும்பாலும் கூழே மிஞ்சும். அடையாளம் தெரிந்தாலும், அது கடைசியாகத் தின்றதை மட்டுமே காட்டும்.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த டி. ஜே. பாண்டியன், விரால் தின்ற இரையில் எவ்வளவு செரிக்கிறது, எவ்வளவு உடலாகிறது என்று அளந்து 1967இல் கட்டுரை வெளியிட்டார். அத்தகைய ஆய்வில் இரை இன்னதென்று முன்பே தெரியும். கண்மாயில் தானாக மேயும் மீனுக்கு வேறு வழி வேண்டும். டிநிரோ, எப்ஸ்டீன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1978இல் கரிமத்துக்கும் 1981இல் நைட்ரஜனுக்கும் அந்த வழியைக் காட்டினர்.

இயற்கைக் கரிமத்தில் சுமார் 1.1 விழுக்காடு எடை கூடிய கரிமம்-13. ஒப்பீட்டுத் தரத்தோடு பார்த்தால், நெல்லில் அதன் மதிப்பு ஆயிரத்துக்கு −27 அளவிலும், கரும்பு, சோளம், மக்காச்சோளத்தில் −13 அளவிலும் இருக்கும். தின்ற உடலிலும் அந்த மதிப்பு அதிகம் மாறாது. ஆகவே வயலை ஒட்டிய கண்மாயில் எந்தப் பயிரின் கழிவு மீனாகிறது என்பதற்கு இது நல்ல தடயம். எடை கூடிய நைட்ரஜன்-15 உணவுச் சங்கிலியின் ஒவ்வொரு படியிலும் ஆயிரத்துக்குச் சுமார் 3.4 கூடும்; குஞ்சு மீனைத் தின்னும் விரால், பாசி மேயும் மீனைவிட மேலே நிற்பது இதனால் தெரியும்.

ஆனால் அந்த நீரின் அடிப்படை மதிப்பை அளக்காமல் மீனை மட்டும் அளப்பது வீண். சாக்கடை கலந்த நீரில் நைட்ரஜன்-15 பெரும்பாலும் மிகுந்திருக்கும். மதுரை நகரைக் கடக்கும் வைகையில் பிடித்த மீனையும் மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் மீனையும் எண்ணை வைத்து மட்டும் ஒப்பிட்டால், நகரத்து மீன் வேட்டையாடாமலே வேட்டைக்காரனாகத் தெரியக்கூடும். அதனால் அந்தந்த நீரின் நத்தையையும் மட்டியையும் சேர்த்தே அளக்கிறார்கள்: நத்தை அடியில் படிந்த பாசியின் கணக்கையும், மட்டி மிதக்கும் நுண்பாசியின் கணக்கையும் தரும்.

மாதிரிக்கு முதுகுத் தசையில் சிறு துண்டு போதும். அதை உலர்த்திப் பொடித்து, ஒரு மில்லிகிராம் அளவே வெள்ளீயக் குப்பியில் இட்டு எரித்து, வாயுவை நிறை நிறமாலைமானியில் செலுத்துவர். கொழுப்பில் கரிமம்-13 குறைவு என்பதால் அதை முன்கூட்டியே நீக்குவதோ கணக்கில் ஈடுசெய்வதோ உண்டு. கொழுப்பு அமிலங்களைத் தனியே பகுத்தால் டயாட்டம் பாசி, பாக்டீரியா ஆகியவற்றின் பங்கு புலப்படும்.

தசை பல வாரங்கள் முதல் மாதங்கள் வரையிலான உணவைப் பதிந்து வைக்கும். ஈரல் விரைவாகப் புதுப்பிக்கப்படும். கோடையில் கண்மாய் வற்றி ஊரார் மீன்பிடிக்கும்போது எடுக்கும் தசை, நீர் நிறைந்திருந்த காலத்து மேய்ச்சலையும் சொல்லக்கூடும். ஈரல், சேறு கலங்கிய கடைசி நாட்களைச் சொல்லும்.