பிடிப்பின் வரலாறு



இரும்பை இரும்பு அறுக்கும் என்பதை நாம் அறிவோம். ஆனால் அறுபடுகிற இரும்பை அசையாமல் பிடித்துக்கொள்வது எப்படி? சிறியதாகத் தோன்றும் இக்கேள்விக்கு விடை தேடிய முயற்சியில் ஒரு பெரிய வரலாறே அடங்கியிருக்கிறது.

நான் மாணவனாக இருந்தபோது, ஒருநாள் பட்டறையில் மில்லிங் இயந்திரத்தின் வைஸில் ஓர் இரும்புத் துண்டைப் பொருத்தினேன். அவசரத்தில் சரியாக இறுக்கவில்லை. கட்டரின் பல் பட்ட கணமே துண்டு பிடுங்கிக்கொண்டு பறந்து, என் காதருகே சென்று சுவரில் மோதிற்று. மேஸ்திரி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "தம்பி, நீ கட்டரைக் கண்டு பயப்படுகிறாய். பிடிப்பைக் கண்டல்லவா பயப்பட வேண்டும்?" என்றார். அச்சொற்களை நான் மறந்ததில்லை.

கடைசல் இயந்திரத்தில் வேலைப் பொருள் சுழலும். மில்லிங் இயந்திரத்திலோ கட்டர் சுழலும். அதன் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து பொருளைத் தாக்குகின்றன. ஒவ்வொரு தாக்குதலும் பொருளைத் தள்ளவோ தூக்கவோ முயல்கிறது. ஆகையால் இந்த இயந்திரம் வளர்ந்த கதையும் பிடிப்பு வளர்ந்த கதையும் பிரிக்க முடியாதவை.

பதினெட்டாம் நூற்றாண்டில் துப்பாக்கிக் கொல்லர் ஒவ்வொரு பகுதியையும் வைஸில் வைத்து, அரத்தால் ராவிப் பொருத்தினார். ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றுக்குச் சேராது. போர்க்களத்தில் ஒரு சிறு விசை முறிந்தாலும் ஆயுதம் பயனற்றுப் போகும். பிரான்ஸில் ஹோனோரே பிளாங்க் என்பவர் ஒன்றுக்கொன்று மாற்றிப் பூட்டத்தக்க பகுதிகளைச் செய்து காட்டினார். 1785-இல் தாமஸ் ஜெபர்சன் அவற்றைத் தம் கையாலேயே பூட்டிப் பார்த்து வியந்தார்.

அமெரிக்காவில் இப்பெருமையை எலி விட்னிக்கு அளிப்பது வழக்கம். 1798-இல் பத்தாயிரம் துப்பாக்கிகள் செய்து தர அவர் ஒப்பந்தம் செய்துகொண்டது உண்மை. எனினும், எஞ்சியுள்ள அவருடைய துப்பாக்கிகளைப் பிற்காலத்து அறிஞர்கள் ஆராய்ந்தபோது, அவற்றின் பகுதிகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. புகழ் ஓரிடத்திலும் உழைப்பு வேறோரிடத்திலும் இருந்துவிடுவதுண்டு.

அந்த உழைப்பைக் காண ஹார்ப்பர்ஸ் பெரி என்னும் ஊருக்குச் செல்ல வேண்டும். பொட்டோமாக் நதியும் ஷெனண்டோவா நதியும் கூடும் இடம் அது. ஜான் ஹால் என்பவர் ஆயிரம் ரைபிள்களுக்கு 1819-இல் ஒப்பந்தம் பெற்று, அங்கே பட்டறை அமைத்தார். அரம் பிடித்த கைகள் செய்த வேலையைக் கட்டர்களிடம் ஒப்படைத்தார். பொருளைப் பிடிப்பதற்கென்றே தனித்தனி பிக்சர்களையும் செய்தார்.

அவருடைய நுட்பம் எளியது. ஒரு தச்சர் நீண்ட பலகையில் பத்துக் குறிகள் இட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதற்குறியிலிருந்து இரண்டாவதையும், இரண்டாவதிலிருந்து மூன்றாவதையும் அளந்து சென்றால், ஒவ்வொரு முறையும் நேரும் சிறு பிழை வளர்ந்துகொண்டே போகும். எல்லாவற்றையும் பலகையின் ஒரே முனையிலிருந்து அளந்தால் பிழை சேராது. ஹால் ஒவ்வொரு பகுதிக்கும் அத்தகைய ஓர் ஆதாரப் புள்ளியை வகுத்தார். எந்த இயந்திரத்திற்குப் போனாலும், அப்புள்ளியைக் கொண்டே பொருளைப் பிக்சரில் அமர்த்தினார். பிடிப்பு வெறும் பலத்தால் மட்டும் ஆவதன்று, இடமறிந்து அமர்த்துவதாலும் ஆவது என்பதே அவர் கண்ட உண்மை.

பல ஆண்டுகள் கழிந்தும் ரைபிள்கள் வந்து குவியவில்லை; செலவுதான் ஏறிற்று. குறை கூறியவர்கள் பலர். 1826-இல் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. குழுவினர் ரைபிள்களைக் கழற்றி, பகுதிகளைக் கலந்து, மீண்டும் பூட்டினார்கள், அவை பொருந்தின. 1834-இல் கனெக்டிகட்டிலிருந்த சிமியோன் நார்த்தின் பட்டறையில் உருவான பகுதிகளும் ஹாலின் பகுதிகளோடு பொருந்தின. தொலைதூரத்திலிருந்த இரு பட்டறைகள் ஒரே கைபோல் வேலை செய்துவிட்டன!

இன்று பிக்சர் அமைப்போர் கீழ்ப்பக்கத்தில் மூன்று, ஒரு பக்கவாட்டில் இரண்டு, மற்றொரு பக்கவாட்டில் ஒன்று என ஆறு புள்ளிகளால் பொருளின் இடத்தை நிலைநாட்டுகிறார்கள். பிறகே கிளாம்பை இறுக்குகிறார்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் பொருள் நெளியும். இறுக்கத்தைத் தளர்த்தியதும் தட்டையாகச் சீவிய முகம் கோணிவிடும்.

பட்டறைக்குச் செல்லும் மாணவர்களே, இயந்திரத்தை ஓட்டுமுன் பிடிப்பை ஒரு முறை சோதித்துப் பாருங்கள். என் காதருகே பறந்த அந்தத் துண்டு இரண்டு அங்குலம் விலகியிருந்தால், இன்று உங்களோடு பேச நான் இருந்திருக்க மாட்டேன்.