தகரக் கொட்டகைக்குப் போன சீட்டு

அரைத் தாள் அகலச் சீட்டு. இடப்பக்க மேல் மூலையில் ஒரு சொல். அடுத்து ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம். அதன் கீழே அந்தச் சொல் வரும் வாக்கியம் முழுசாக. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதிக்காக 1879இல் அதன் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே வாசகர்களிடம் கேட்டது இவ்வளவுதான். சொல்லுக்குப் பொருள் சொல்லும் பொறுப்பு அவர்களுக்கு இல்லை. சாட்சியைக் கூட்டி வருபவரே தீர்ப்பும் எழுதினால் என்ன ஆகும் என்று மரேவுக்குத் தெரிந்திருக்கிறது.

தபாலேறிய சீட்டு லண்டன் பக்கம் மில் ஹில்லில், மரே வீட்டுத் தோட்டத்தின் தகரக் கொட்டகைக்குப் போய்ச் சேரும். உள்ளே ஆயிரத்துக்கு மேல் சிறு மாடங்கள். அகரவரிசையில் பிரிக்கும் வேலையைக் கைச்செலவுக் காசுக்காக மரேவின் பிள்ளைகளும் செய்தார்கள். பிறகு ஒரே சொல்லின் சீட்டுகளைக் கால வரிசையில் பரப்பிப் பார்த்து, எங்கே அர்த்தம் திரும்புகிறது என்று கண்டபின்தான் விளக்கம் எழுதப்படும். ஆண்டும் பக்கமும் இல்லாத சீட்டு, எவ்வளவு அழகான வாக்கியத்தைச் சுமந்து வந்தாலும், இந்த வரிசையில் உட்கார இடமில்லை.

ஒரு கோளாறு மட்டும் தொடர்ந்து தொல்லை கொடுத்தது. படிப்பவர் கண் அபூர்வமானதில்தான் போய் நிற்கும். ‘அப்யூஷன்’ என்ற வழக்கொழிந்த சொல்லுக்கு ஐம்பது சீட்டு போல வந்திருந்தன. எல்லோர் வாயிலும் புழங்கும் ‘அப்யூஸ்’ஸுக்கு ஐந்துகூடத் தேறவில்லை. சாதாரணச் சொற்களை மரேவின் உதவியாளர்கள் மறுபடி நூல் நூலாகத் தேட வேண்டியதாயிற்று.

இதற்கு நல்ல வழி கண்டவர் பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருந்த வில்லியம் மைனர். கொலை வழக்கில் அங்கே வந்த அமெரிக்க ராணுவ மருத்துவர். கண்ணில் பட்டதையெல்லாம் எழுதி அனுப்பாமல், ஒவ்வொரு பழைய நூலுக்கும் தானே ஒரு சொல்லடைவு தயாரித்து வைத்துக்கொண்டார். இப்போது எந்தச் சொல்லில் வேலை நடக்கிறது என்று கேட்டு, அதற்கான சீட்டுகளை மட்டும் அனுப்பினார். படிப்பு முதலில், கேள்வி பிறகு, சீட்டு கடைசியில். ஆராய்ச்சி மாணவர்களுக்கு நான் சிபாரிசு செய்வதும் மைனரின் வழியைத்தான், கொலையை நீக்கிவிட்டு.

அரைக்கோடி சீட்டுகள் வந்தன என்பார்கள். அச்சேறியவை சுமார் பதினெட்டு லட்சம். 1915இல் மரே இறந்தார். அகராதி 1928இல்தான் முடிந்தது. ‘பாண்ட்மெய்ட்’ என்ற சொல்லின் சீட்டுகள் மட்டும் எங்கோ தவறிப்போய், 1888இல் வந்த முதல் தொகுதி அந்தச் சொல் இல்லாமலே வெளிவந்தது. 1933 இணைப்புத் தொகுதியில்தான் அதற்கு இடம் கிடைத்தது.