நிணநீர்க்கசிவும் உறிஞ்சு சிகிச்சையும்

சஸ்திர சிகிச்சையில் அறுபட்ட நிணநீர் நாளங்கள் வாய் மூடாமலிருக்க, காயத்தின் வழியே இளமஞ்சள் சாயலுள்ள தெளிந்த திரவம் நாள்தோறும் ஊறிக்கொண்டிருக்கும் நிலை நிணநீர்க்கசிவு எனப்படும். தொடையிடுக்கில் தமனியைத் திறந்து செய்யும் சிகிச்சைகளுக்கும், புற்றுநோய் பரவிய நிணநீர்க் கணுக்களை அகற்றும் சிகிச்சைகளுக்கும் பின்னர் இது மிகுதியாகக் காணப்படுகிறது. ஏனெனில் காலிலிருந்து மேலேறும் நாளங்கள் தொடையிடுக்கிலேதான் நெருங்கிக் கூடுகின்றன.

இரத்தம் தன் நிறத்தாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். நிணநீருக்கு அந்தச் சுபாவம் இல்லாமையால், சரீர சாஸ்திரிகளின் கண்ணுக்கு அது வெகுகாலம் தப்பியே இருந்தது. 1622ஆம் ஆண்டில் இத்தாலிய வைத்தியர் காஸ்பரே அசெல்லி, சற்றுமுன் உணவுண்ட நாயொன்றின் வயிற்றைத் திறந்தபோது குடலைச் சுற்றி வெண்ணிற இழைகள் படர்ந்திருக்கக் கண்டு, முதலில் அவற்றை நரம்புகள் என்றே எண்ணி, ஒன்றைக் கீறிப் பார்க்கையில் பால்போன்ற திரவம் வெளிப்பட்ட பிறகே அவை நாளங்கள் என உணர்ந்தார். அவருடைய நூல் அவர் மறைந்தபின் 1627இல்தான் அச்சேறியது. மார்பு நாளத்தை 1651இல் பெக்கே என்பவர் விளக்கினார்; பின்னர் ஸ்வீடனின் ருட்பெக்கும் டென்மார்க்கின் பார்த்தோலினும் உடலெங்கும் பரந்த நாளத் தொகுதியை வெளிப்படுத்தி, முதற்பெருமை யாருக்கு என்று வழக்காடிக்கொண்டனர். தெளிந்த நீரைக் குறிக்கும் லத்தீன் சொல்லால் அந்நாளங்களுக்குப் பெயரிட்டவர் பார்த்தோலின்.

நிணநீரில் தட்டணுக்கள் இல்லை என்றே சொல்லலாம். உறைவிக்கும் புரதங்களும் குறைவு. ஆதலால் இரத்தத்தைப்போல் தானே உறைந்து தன் வாயை அடைத்துக்கொள்ள அதனால் இயலுவதில்லை. காலை உயர்த்திப் படுக்கவைத்தும், இறுகக் கட்டியும் வாரக்கணக்கில் காத்திருப்பதே பழைய முறை. அது பலிக்காதபோது பாதத்தில் நீலச்சாயம் ஏற்றி, கசியும் வாயைக் கண்டு கட்டுவர். அல்லது அருகிலுள்ள தசையைத் திருப்பி அவ்விடத்தை மூடுவர். செயற்கை இரத்தக்குழாய் பொருத்தப்பட்ட நோயாளியிடம் இவ்வளவு காலம் காத்திருப்பது ஆபத்து. ஈரத்தோடு கிருமியும் சேர்ந்து அக்குழாயையே பற்றிவிடக்கூடும்.

இதற்கு மாற்றாக வந்ததே உறிஞ்சு சிகிச்சை. உறிஞ்சும் யுக்தி புதிதன்று. கொம்பையும் சுரைக்குடுக்கையையும் வைத்துக் கெட்ட இரத்தத்தை இழுப்பதைச் சுச்ருத சம்ஹிதையே கூறுகிறது. ஆனால் காயத்தை ஆற்றுவதற்கு இடைவிடாத இழுவிசையை ஏவியது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். 1993இல் ஜெர்மனியில் பிளைஷ்மன் குழுவினர் எலும்பு முறிந்து வெளிப்பட்ட காயங்களில் அதனைப் பயன்படுத்தினர். அமெரிக்காவின் வின்ஸ்டன்-சேலத்தில் அர்ஜென்டாவும் மோரிக்வாசும் 1997இல் 300 காயங்களின் அனுபவத்தை வெளியிட்டனர். நுண்துளைப் பஞ்சைக் காயத்துள் வைத்து, காற்றுப் புகாத மெல்லிய தாளால் மூடி, குழாய்வழியே வளிமண்டலத்தினும் 125 மில்லிமீட்டர் பாதரச அளவு தாழ்ந்த அழுத்தத்தை நிலைநிறுத்துவது அவர்கள் முறை.

கசிகின்ற இடத்தை மேலும் உறிஞ்சினால் கசிவு பெருகாதோ என்னும் ஐயம் நியாயமானதே. ஆயினும் 2000ஆம் ஆண்டில் தொடையிடுக்குக் கசிவுகள் இம்முறையால் அடைபட்ட செய்தி வெளிவந்தது. 2007, 2008ஆம் ஆண்டுகளில் இரத்தநாள சிகிச்சையாளரும் இதையொத்த அனுபவங்களை எழுதினர். திரவம் தேங்க இடமின்றி அகற்றப்படுவதால் குழியின் சுவர்கள் ஒன்றோடொன்று படிகின்றன. புதிதாய் முளைக்கும் சதை திறந்த நாள வாய்களைச் சூழ்ந்து அடைக்கிறது என்பது அவர்கள் கூறும் காரணம். பெரிய ஒப்பீட்டு ஆராய்ச்சிகளால் அன்றி, சிறு தொகுப்புகளாலேயே இக்கூற்று தாங்கப்பட்டு நிற்கிறது என்பதையும் மறைப்பதற்கில்லை.

நாளொன்றுக்கு வெளியேறும் அளவைக் கலத்தில் குறித்து வருவது அவசியம். ஏனெனில் நிணநீரோடு புரதமும் போய்விடுகிறது. தமனி மறைப்பின்றித் தெரியும் காயத்தில் பஞ்சை நேரே படியவைத்தல் கூடாது. பெருக்கெடுத்த இரத்தத்தால் நேர்ந்த மரணங்களைச் சுட்டி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009இல் எச்சரிக்கை விடுத்தது. இரத்தம் உறையாமலிருக்க மருந்துண்போரிடம் இக்கவனம் இருமடங்கு வேண்டும்.