மட்டாஞ்சேரியும் பழைய ஆம்ப்ளிஃபயரும்

வேலைக்காகக் கொச்சிக்கு வந்தவன் நான். நம்ம ஊர்க்காரர்கள் மட்டாஞ்சேரிக்கு வந்தால் 1568-ல் கட்டிய யூத ஜெப ஆலயத்தைப் பார்த்துவிட்டு, பழம்பொருள் கடையில் கிராமபோன் விலை கேட்பார்கள். என் கண் போவது ஆம்ப்ளிஃபயர் மேல்தான்.

கொஞ்சம் சரித்திரம். 1991 வரை வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்குக் கடும் கட்டுப்பாடு. 1970-ல் கல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன் போன்ற உள்நாட்டுக் கம்பெனிகள் வளர்ந்தது அப்போதுதான். மலையாளிகளுக்கு இன்னொரு வழி இருந்தது: வளைகுடா. எழுபதுகளிலிருந்து அங்கே போனவர்கள் ஜப்பான் செட்டுகளைச் சுமந்து வந்தார்கள். 1981-ல் மறைந்த பாடகர் மெஹபூபின் ஊரான மட்டாஞ்சேரியில் அவற்றுக்கு வேலை இல்லாமலா போகும்?

அந்தக் காலத்துச் செட்டுகளுக்கு இப்போது 40 வயதுக்கு மேல். உள்ளே எலக்ட்ரோலிட்டிக் கபாசிட்டர் காய்ந்துபோனால் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரும். கடற்காற்று பட்ட வால்யூம் கண்ட்ரோல் கரகரக்கும். டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆகவே விலை பேசும்போதே சர்வீஸ் செலவையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஜப்பானுக்குள் விற்ற மாடல் என்றால் 100 வோல்ட். நம் 230-ல் செருகினால் புகைதான். பல வருஷம் தூங்கிய செட்டை மெக்கானிக்கிடம் கொடுத்து, முதலில் சீரிஸ் பல்பு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஊரில் அப்பா வாங்கிய பெட்டி பரணில் கிடக்கிறதா? பழைய இரும்புக்காரருக்குப் போடுமுன் நல்ல மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரிந்த கைகளுக்கும் வயதாகிக்கொண்டிருக்கிறது.