செபுல்டுரா: ஒரு பெயர் யாருக்கு உரியது?

பிரேசிலில் 1964இல் தொடங்கிய இராணுவ ஆட்சி தன் இறுதி மாதங்களில் இருந்தபோது, 1984ஆம் ஆண்டில், பெலோ ஒரிசோன்ச்சி நகரின் பதின்வயதினர் சிலர் தொடங்கிய த்ராஷ் மெட்டல் இசைக்குழுவே செபுல்டுரா. போர்த்துகீசிய மொழியில் இச்சொல் கல்லறையைக் குறிக்கும். குழுவைத் தொடங்கிய மாக்ஸ், இகோர் கவலேரா சகோதரர்கள், இத்தாலியத் துணைத்தூதரகத்தில் பணியாற்றிய தந்தையை இளமையிலேயே இழந்து வறுமையைக் கண்டவர்கள். தொடக்கக்காலப் பாடகர் வாக்னர் லாமுனியர் 1985இல் விலகிப் போட்டிக் குழுவான சார்கோஃபகோவில் இணைந்தார். பின்னாளில் அவர் பல்கலைக்கழகப் பேராசிரியரானது இவ்வரலாற்றின் சுவையான கிளைக்கதை.

1987இல் கிதார் கலைஞர் ஆந்த்ரேயாஸ் கிஸ்ஸர் சேர்ந்தபின் இசை கூர்மை பெற்றது. 1989இன் ‘பினீத் தி ரிமெய்ன்ஸ்’ குழுவை உலகறியச் செய்தது. எனினும் ஆய்வாளர் நின்று நோக்க வேண்டிய ஆண்டு 1993 ஆகும். அவ்வாண்டு வெளிவந்த ‘கேயாஸ் ஏ.டி.’ தொகுப்பில், முந்தைய ஆண்டு சாவோ பாவ்லோவின் கரண்டிரு சிறையில் காவல்துறையினர் 111 கைதிகளைக் கொன்ற நிகழ்வு ஒரு பாடலாயிற்று. நிலமிழந்த கயோவா பழங்குடியினருக்கான இசைக்கோவை, வேல்ஸ் நாட்டின் செப்ஸ்டோ கோட்டை இடிபாடுகளுக்கிடையே பதிவாயிற்று. 1996இன் ‘ரூட்ஸ்’ தொகுப்புக்காகக் குழுவினர் ஷவாந்தே மக்களின் ஊருக்கே சென்று அவர்களோடு இசைத்தனர். பழங்குடியினரின் குரலை உலகச் சந்தைக்கு விற்றனர் என்னும் ஐயத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆயினும் பிரேசிலின் நகர்ப்புற ராக் இசை தன் உள்நாட்டை அதுவரை இவ்வளவு நெருங்கிக் கேட்டதில்லை எனலாம்.

புகழின் உச்சமே பிளவின் ஆண்டாகவும் அமைந்தது. குழுவின் மேலாளர் குளோரியா, மாக்ஸின் மனைவி. 1996 ஆகஸ்டில் அவருடைய மகன் கார் விபத்தில் இறந்தார். செய்தியறிந்து மாக்ஸ் ஊர் திரும்ப, எஞ்சிய மூவரும் இங்கிலாந்தின் டொனிங்டன் மேடையில் அவரின்றியே இசைத்தனர். துக்கம் ஆறுமுன்னரே, குளோரியாவின் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என அம்மூவரும் முடிவு செய்தனர். அவர் கணவரின் நலனையே முதன்மைப்படுத்துகிறார் என்பது அவர்களது குறை. மாக்ஸுக்கோ அது துரோகம். 1996 டிசம்பர் 16 அன்று லண்டன் பிரிக்ஸ்டன் அரங்கில் நடந்த நிகழ்ச்சியே மாக்ஸ் அக்குழுவோடு பாடிய இறுதி நிகழ்ச்சியாயிற்று. சகோதரர்களிடையே ஏறத்தாழப் பத்தாண்டுகள் பேச்சில்லை.

அமெரிக்கரான டெரிக் கிரீன் பாடகராகப் பொறுப்பேற்றார். 2006இல் இகோரும் விலகி அண்ணனோடு மீண்டும் இணைந்தார். நிறுவிய சகோதரர் இருவரும் வெளியே, பெயர் உள்ளே என்னும் நிலை அன்று தோன்றியது. பெயரின் உரிமை நிறுவியவருக்கா, உடனிருந்து உழைத்தவருக்கா என்னும் வழக்கு இன்றும் இரசிகர்களிடையே ஓயவில்லை. கிரீன் பாடிய ஆண்டுகள் மாக்ஸ் பாடியவற்றினும் மிகப் பல என்பதை அவ்வழக்கில் பலர் மறந்துவிடுகின்றனர்.

2023இல் சகோதரர்கள் தம் தொடக்கக்காலப் பாடல்களைக் கவலேரா என்னும் பெயரில் மீண்டும் பதிவு செய்தனர். அவ்வாண்டின் இறுதியில் செபுல்டுரா தன் விடைபெறும் பயணத்தை அறிவித்தது. பயணம் தொடங்கச் சில வாரங்களே இருந்த நிலையில் டிரம்மர் எலோய் காசாகிராந்தே ஸ்லிப்நாட் குழுவுக்குச் செல்ல, இளைஞர் கிரேசன் நெக்ருட்மன் அவரிடத்தை நிரப்பினார். 2024 மார்ச்சில் முதல் நிகழ்ச்சி பெலோ ஒரிசோன்ச்சியிலேயே நடந்தது. மேடையில் கவலேரா என்னும் பெயருடையோர் எவருமில்லை.